கல்லீரலில் பெருகிய ரத்தம், தமனியில் பிறந்த நோய்

அடிபடாமல், விழாமல், கத்தி படாமல் ஒருவருடைய கல்லீரலில் ரத்தம் பெருகினால், அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது புற்றுக்கட்டி. அப்படித் தோன்றுவதில் தவறில்லை. ஆசிய நாடுகளில் காயமில்லாமல் வரும் கல்லீரல் ரத்தப்பெருக்குக்குப் பெரும்பாலும் புற்றுக்கட்டி வெடித்ததே காரணம். அதற்கு அடுத்து கர்ப்பகால ரத்த அழுத்தத்தின் கடுமையான வடிவங்கள், அடினோமா போன்ற சாதாரணக் கட்டிகள், அமிலாய்டு படிவு என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலின் கடைசியில், பல பாடநூல்களில் ஒரே வரியில், பாலிஆர்ட்டிரைட்டிஸ் நோடோசா என்ற பெயர் இருக்கும். நடுத்தர அளவுத் தமனிகளின் சுவர் அழற்சியால் அழியும் நோய் அது. அந்த ஒற்றை வரியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். இந்த நோயில் கல்லீரல் விபத்து நடந்த இடம் மட்டுமே. நோய் அதற்குப் பல வாரங்கள் முன்பே காலிலும் தோலிலும் ரத்த அழுத்தத்திலும் தன்னைச் சொல்லிவிட்டிருக்கும். ஆகவே கல்லீரலை மட்டும் பார்த்துச் செய்யும் சிகிச்சை, எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், பாதிச் சிகிச்சைதான். இதுவே என் வாதம்.

இந்த நோய் மருத்துவ உலகுக்கு அறிமுகமானதே இந்த வாதத்துக்கு ஒரு சான்று. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் அடால்ஃப் குஸ்மௌல் என்ற மருத்துவரும் ருடால்ஃப் மையர் என்ற நோயியல் அறிஞரும் 1866-ல் ஒரு நோயாளியைப் பற்றி விரிவாக எழுதினார்கள். 27 வயதுத் தையல் தொழிலாளி. தானே மாடிப்படி ஏறி மருத்துவமனைக்கு வந்தவர், வந்த சிறிது நேரத்தில் படுக்கையில் விழுந்தார். காய்ச்சல், கைகளில் மரத்துப்போதல், தசைவலி, வயிற்று வலி, சிறுநீரில் புரதம், நாளுக்கு நாள் கூடும் பலவீனம். ஏறத்தாழ ஒரு மாதத்தில் இறந்துபோனார். உடலைத் திறந்தபோது பல உறுப்புகளின் தமனிகளை ஒட்டிக் கசகசா அளவிலிருந்து பட்டாணி அளவு வரை முடிச்சுகள் இருந்தன. இருவரும் முதலில் இதைப் புழுத்தொற்றால் வந்த வீக்கம் என்று நினைத்து, அப்படியே ஒரு முற்குறிப்பும் வெளியிட்டார்கள். பிறகு நுண்ணோக்கியில் பார்த்து, புழு எதுவும் இல்லை, நோய் தமனிச் சுவரிலேயே இருக்கிறது என்று தங்களைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள். நரம்பு, தசை, சிறுநீரகம், குடல் என்று சிதறிக் கிடந்த குறிகளை ஒரே நூலில் கோக்க அவர்களுக்குப் பிரேதப் பரிசோதனை தேவைப்பட்டது. அதை உயிரோடிருக்கும் நோயாளியிடமே செய்துமுடிக்கும் வசதி இன்று நம்மிடம் இருக்கிறது. செய்கிறோமா என்பதுதான் கேள்வி.

தமனிச் சுவருக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்த நோய் தந்துகிகளை விட்டுவிடுகிறது. நுரையீரலையும் பெரும்பாலும் தொடுவதில்லை. தசைச்சுவர் கொண்ட நடுத்தரத் தமனிகளை, அதிலும் அவை கிளை பிரியும் இடங்களை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாக்குகிறது. வெள்ளணுக்கள் சுவரில் புகுகின்றன; தசையடுக்கு செத்துக் கூழாகிறது; குழாய்க்கு இழுவிசை தரும் மீள்தன்மைப் படலம் துண்டு துண்டாகிறது. டயர் தேய்ந்த இடத்தில் சைக்கிள் ட்யூப் பிதுங்குவதுபோல, நலிந்த அந்தப் புள்ளியில் ரத்த அழுத்தம் சுவரை வெளியே தள்ளுகிறது. இதைத்தான் அனூரிசம் என்கிறார்கள். பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டர். அதே தமனியின் வேறோர் இடத்தில் சுவர் உள்பக்கம் தடித்து வழியை அடைப்பதும் உண்டு. இதனால் ஒரே நோயாளியிடம் ஓரிடத்தில் ரத்தம் போகாமல் திசு மடியும். இன்னோரிடத்தில் ரத்தம் கொட்டும். பிரேதப் பரிசோதனைகளைத் தொகுத்த பழைய ஆய்வுகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கல்லீரல் தமனிகளிலும் இந்த நோய் இருந்திருக்கிறது. ஆனால் உயிரோடிருக்கும்போது அது வெளியே தெரிவது அரிது. தெரியும்போது பெரும்பாலும் வெடித்த பிறகுதான் தெரிகிறது. வெடித்த ரத்தம் கல்லீரலின் உறைக்கு அடியில் தேங்கினால் வலப்பக்க விலாவுக்குக் கீழே கடும்வலி. உறை கிழிந்து வயிற்றுக்குள் இறங்கினால் அதிர்ச்சி நிலை. பித்தக்குழாய்க்குள் புகுந்தால் வலி, மஞ்சள் காமாலை, கறுத்த மலம் என்ற மூன்றும் சேர்ந்து வரும். இந்த மூன்றின் சேர்க்கையைக் குவின்கே 1871-லேயே குறித்துவைத்திருக்கிறார்.

பிரான்ஸில் 1963 முதல் 2005 வரை கண்டறியப்பட்ட 348 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2010-ல் ஓர் ஆய்வு வந்தது. என் வாதத்தின் முதுகெலும்பு அதில் இருக்கிறது. காய்ச்சல், எடைக்குறைவு போன்ற பொதுக்குறிகள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல். நரம்புப் பாதிப்பு 79 சதவீதம். தோல் பாதிப்பு ஏறத்தாழப் பாதி. வயிறும் குடலும் 38 சதவீதம். அதாவது வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாத ஒரு நோயாளியிடம், வயிற்றுக்கு வெளியே தேட வேண்டிய தடயங்கள் இரண்டு மடங்கு அதிகம். அந்தத் தடயங்களை நோயாளிகள் நம் ஊர்ப் பேச்சில் சொல்லவும் செய்கிறார்கள். “நடக்கும்போது செருப்பு கழன்று போகிறது, கழன்றதே தெரிவதில்லை” என்பது பாதத்தைத் தூக்கும் நரம்புக்கு ரத்தம் போகவில்லை என்பதன் சரியான விவரிப்பு. ஒரு கால் தொங்கி, சில வாரம் கழித்து மறு கையின் மணிக்கட்டும் தொங்கினால், அதற்கு முதுகுத்தண்டுவட விளக்கம் எளிதில் பொருந்தாது. தொடையிலும் கெண்டைக்காலிலும் வலைபோல் படரும் ஊதாநிறக் கோடுகள், வாட்டும் தசைவலி, காரணமில்லாமல் நான்கு கிலோவுக்கு மேல் எடை இறங்குதல், புதிதாக ஏறிய ரத்த அழுத்தம், ஆண்களுக்கு விரைவலி ஆகியவை அடுத்தடுத்த தடயங்கள். விரைவலியை யாரும் தாமாகச் சொல்வதில்லை. மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டால்தான் வரும். அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் 1990-ல் வகுத்த பத்து அளவுகோல்களில் இவை அனைத்தும் இடம்பெற்றிருக்கின்றன. நடைமுறையில் கால் எலும்பு மருத்துவரிடம் போகிறது, தோல் தோல் மருத்துவரிடம், அழுத்தம் ஊர் டாக்டரிடம். ஒவ்வொருவரும் தத்தம் மருந்தைக் கொடுக்கிறார்கள். எல்லாச் சீட்டுகளும் ஒரே மஞ்சள் பையில் இருந்தும் ஒருவரும் அவற்றை வரிசையாக அடுக்கிப் படிப்பதில்லை.

அவசரப் பிரிவில் இந்தத் தடயங்கள் அழியவும் செய்கின்றன என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு லிட்டர் ரத்தம் வயிற்றுக்குள் இறங்கிய ஒருவரிடம் உயர்ந்த அழுத்தம் எப்படித் தெரியும்? கருவி காட்டும் 80 என்ற எண், போன மாதம் இருந்த 170-ஐ மறைத்துவிடுகிறது. வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும். காய்ச்சலைத் தேங்கிய ரத்தத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அழற்சியின் அளவுகோலான சி.ஆர்.பி. உயர்வும் அதே கணக்கில் போகிறது. யாராவது நினைவு வந்து சில ரத்தநாள அழற்சிகளுக்கான ஆன்கா பரிசோதனைக்கு அனுப்பினாலும், இந்த நோயில் அது பெரும்பாலும் இல்லை என்றே வரும். அந்த ‘இல்லை’யைப் பார்த்து ரத்தநாள அழற்சியே இல்லை என்று கோப்பை மூடுவது எனக்குத் தெரிந்த தவறுகளில் மிகவும் வருத்தம் தருவது. சோதனை சரியாகத்தான் பதில் சொல்கிறது. அது வேறு நோய்களுக்கான சோதனை.

இதைவிடப் பெரிய பொறி ஹெப்படைட்டிஸ் பி. அறுவைக்கோ வேறு எந்தத் தலையீட்டுக்கோ முன்னால் நம் மருத்துவமனைகளில் அந்த வைரஸின் புரதமான எச்.பி.எஸ்.ஏஜி. இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சிறிய அட்டையில் இரண்டு கோடு விழுந்தால் கோப்பில் ஒரு வண்ண ஒட்டு, கையுறை இரட்டை, கருவிகள் தனி. பணியாளர்களைக் காக்க அது தேவை. ஆனால் அந்த இரண்டு கோடுகளும் நோயறிதலுக்கும் ஒரு சேதி வைத்திருக்கின்றன. 1970-ல், பிரான்ஸின் லியோன் நகரிலும் நியூயார்க்கிலும் தனித்தனியே ஆய்ந்தவர்கள், பாலிஆர்ட்டிரைட்டிஸ் நோடோசா நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் அன்று ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று அழைக்கப்பட்ட இதே புரதத்தைக் கண்டார்கள். வைரஸின் புரதமும் அதை எதிர்க்க உடல் செய்த எதிர்ப்பொருளும் பிணைந்து தமனிச் சுவரில் படிந்து அழற்சியைக் கிளப்புகின்றன. பெரும்பாலும் தொற்றிய முதல் ஓராண்டுக்குள் இது நடக்கிறது. இப்போது ஒரு நோயாளியை எண்ணிக்கொள்வோம்: கல்லீரலைச் சுற்றி ரத்தம், ஸ்கேனில் திரள் போன்ற ஒன்று, ஹெப்படைட்டிஸ் பி உண்டு. புற்றுக்கட்டி வெடித்துவிட்டது என்ற முடிவை நோக்கி எல்லாம் கைகாட்டுகின்றன. அந்த முடிவு பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் அதே வைரஸ் இரண்டு வழியாகக் கல்லீரலில் ரத்தம் பெருகச் செய்யும். முதல் வழிக்குப் பொதுவாக நெடுங்காலத் தொற்று, சுருங்கிய கல்லீரல், உயர்ந்த ஆல்ஃபா ஃபீட்டோ புரதம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் அண்மைத் தொற்று, வழவழப்பான கல்லீரல், தொங்கிய பாதம். திரளைப் புற்று என்று நம்பி ஊசியால் சதைத்துண்டு எடுக்கப் போனால், அனூரிசங்கள் நிறைந்த கல்லீரலில் அந்த ஊசி இன்னொரு ரத்தப்பெருக்கைத் தொடங்கிவைக்கலாம். தமனிக்கட்டப் படங்களோடு சி.டி. எடுத்துப் பார்த்த பிறகே ஊசியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். ஐரோப்பியக் கணக்குகளின்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கே வரும் நோய் இது. அதிலும் கல்லீரலில் வெடிப்பது இன்னும் அரிது. இதை எல்லா நோயாளியிடமும் தேடினால் வீண்செலவும் வீண்பயமும்தானே மிஞ்சும்? எல்லா நோயாளிக்கும், தமனிக்குள் சாயம் விட்டுப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் செய்யச் சொன்னால் இந்த மறுப்பு என்னை வீழ்த்திவிடும். நான் கேட்பது அது அல்ல. காயமில்லாமல் கல்லீரலில் ரத்தம் பெருகியவர் என்ற வட்டமே சிறியது. அதற்குள் கட்டியோ சுருக்கமோ தெளிவாகத் தெரியாதவர் என்ற வட்டம் இன்னும் சிறியது. அந்த வட்டத்துக்குள் பாதத்தைத் தூக்கச் சொல்வதற்கும், போர்வையை விலக்கித் தொடையைப் பார்ப்பதற்கும், முந்தைய ரத்த அழுத்தச் சீட்டைக் கேட்பதற்கும் ஒரு ரூபாய் ஆவதில்லை. அபூர்வ நோய் என்பது மக்கள்தொகையைப் பார்த்துச் சொல்லும் சொல். தொங்கிய பாதமும் ரத்தம் நிறைந்த வயிறுமாகப் படுத்திருக்கும் ஒருவரிடம் அந்தக் கணக்கே மாறிவிடுகிறது.

ரத்தத்தை நிறுத்தும் வேலையில் கடந்த அரை நூற்றாண்டு தந்த வரம் கத்தீட்டர். ஸ்வீடனின் செல்டிங்கர் 1953-ல் வெளியிட்ட முறைப்படி தொடைத் தமனியில் ஊசி வழியாகக் கம்பி, கம்பியின் மேல் மெல்லிய குழாய், அதைப் பெருந்தமனி வழியே கல்லீரல் தமனிவரை செலுத்திச் சாயம் விட்டால் திரையில் மணிகள்போல் புடைப்புகள் தெரியும். சி.டி.யில் தப்பிப்போகும் நுண்ணியவையும் இதில் அகப்படும். ரத்தம் ஒழுகும் கிளைக்குள் பிளாட்டினக் காயில்களையோ பசையையோ வைத்து அடைத்துவிடலாம். இப்படி அடைத்தால் கல்லீரல் செத்துவிடாதா என்ற அச்சத்துக்கு உடலமைப்பே விடை வைத்திருக்கிறது. கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகவும், கால் பங்கு தமனி வழியாகவும் போகிறது. ஆக்சிஜனை இரண்டும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. தமனியின் ஒரு கிளையை அடைத்தாலும் சிரை தாங்கிக்கொள்ளும். ஆனால் போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். நீண்ட நேரம் அதிர்ச்சி நிலையில் கிடந்தவரிடம் இந்தக் காப்பும் குறையும். வயிற்றைத் திறந்து பஞ்சுத்துணி அடைத்துக் கட்டுவது, கத்தீட்டர் வசதி எட்டாத தூரத்தில் இருப்பவர்களுக்கு இன்றும் உயிர்காக்கும் வழி. ஆனால் அது ஒரு புடைப்பைத்தான் அமுக்குகிறது. மற்றவை எங்கே என்று சொல்வதில்லை.

ரத்தம் நின்றுவிட்டதே, இனி நோயெதிர்ப்பை அடக்கும் கடுமையான மருந்துகள் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. அதே ஆஞ்சியோகிராமில் சிறுநீரகத்தையும் குடலையும் பார்த்தால் பதில் கிடைக்கும். வெடிக்காத புடைப்புகள் அங்கேயும் இருக்கும். 1967-ல் மேயோ மருத்துவமனையின் ஃப்ரோனெர்ட், ஷெப்ஸ் இருவரும் தங்கள் நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்தார்கள். ஸ்டீராய்டு பெறாதவர்களில் ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர். பெற்றவர்களில் 48 பேர். இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல. மருந்து பெறாதவர்கள் பெரும்பாலும் முந்தைய காலத்தவர்கள் என்பதால் வேறுபாட்டின் ஒரு பகுதி காலத்தின் முன்னேற்றமாகவும் இருக்கலாம். அதை ஒப்புக்கொண்ட பிறகும் இடைவெளி பெரியது. 1979-ல் அந்தோணி ஃபௌச்சியும் உடனிருந்தவர்களும் ஸ்டீராய்டுக்கு அடங்காத நோயாளிகளுக்குச் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்து நோய் தணிந்ததைக் காட்டினார்கள். இரண்டும் சேர்ந்த பிறகு ஐந்தாண்டு உயிர்வாழ்வு நூற்றுக்கு எண்பதை ஒட்டி வந்திருக்கிறது. பிரான்ஸின் லோயிக் கியுவாங் குழு 1996-ல் வகுத்த ஐந்து அபாயக் குறிகளில் கடுமையான வயிற்றுப் பாதிப்பும் ஒன்று. வெடித்த கல்லீரல் தமனியைவிடக் கடுமை வேறென்ன வேண்டும்? இன்னொரு சான்று எனக்கு எண்களைவிட நம்பிக்கை தருகிறது: மருந்து தொடங்கிய சில மாதங்களில் மீண்டும் எடுத்த ஆஞ்சியோகிராம்களில் முன்பு இருந்த சிறு புடைப்புகள் மறைந்திருப்பதைப் பலரும் பதிவுசெய்திருக்கிறார்கள். எந்தக் காயிலும் போய்ச் சேராத இடங்களை மருந்து போய்ச் சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் சந்தேகம் வந்தவுடன் ஸ்டீராய்டை ஏற்றிவிடலாமா என்றால், அங்கே நானே தடுத்து நிறுத்துவேன். இதய வால்வில் கிருமி குடியேறினாலும் தமனிகளில் இதேபோன்ற புடைப்புகள் வரும். அப்படிப்பட்டவருக்கு நோயெதிர்ப்பை அடக்கினால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டது போலாகும். ரத்தக் கல்ச்சரும் எக்கோவும் முதலில். அழற்சியே இல்லாமல் தமனிச் சுவரின் நடு அடுக்கு கரைந்துபோகும் இன்னொரு நோய் உண்டு. ஸ்லாவின் 1976-ல் விவரித்தது. படத்தில் இரட்டைப் பிறவிபோல் இருக்கும். ஸ்டீராய்டால் அதற்குப் பயனில்லை. காய்ச்சலும் எடைக்குறைவும் நரம்புப் பாதிப்பும் இல்லை, சி.ஆர்.பி. இயல்பு என்றால் அதை நினைக்க வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி இருப்பவருக்கு ஸ்டீராய்டை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் வைரஸ் பெருகும். அதனால்தான் பிரெஞ்சுக்காரர்கள் வேறு வரிசையை உருவாக்கினார்கள்: கடும் அழற்சியை அடக்க ஸ்டீராய்டு ஓரிரு வாரம் மட்டும், பிணைந்த புரதங்களை அகற்ற பிளாஸ்மா மாற்று, வைரஸை ஒடுக்க மருந்து. இன்று அந்த மூன்றாவது இடத்தில் என்டெகாவிர், டெனோஃபோவிர் மாத்திரைகள் வந்துவிட்டன. ஆக அந்த இரண்டு கோடுகள் நோயறிதலை மட்டுமா மாற்றின? மருந்துச் சீட்டையே மாற்றி எழுதுகின்றன.

குழந்தைகளையும் இளைஞர்களையும் பற்றி ஒரு குறிப்பு. ஏ.டி.ஏ.2 என்ற நொதி பிறவியிலேயே குறைந்திருந்தால் பாலிஆர்ட்டிரைட்டிஸ் நோடோசாவைப் போலவே தமனிகள் அழியும் என்று 2014-ல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. சிறுவயதில் பக்கவாதம், ஊதா வலைக்கோடுகள், கல்லீரல் மண்ணீரல் வீக்கம் ஆகியவை அதன் முகங்கள். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் தோன்றும் என்பதால், மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் நம் குடும்பங்களில் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அவர்களுக்குப் பயன்படும் மருந்து வேறு, டி.என்.எஃப். தடுப்பான்கள். மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் இருப்பதால், மற்றவர்களுக்குப் பக்கவாதத்தில் வழக்கமாகத் தரும் ஆஸ்பிரினை இவர்களுக்குத் தவிர்க்கிறார்கள்.

கடைசியாகத் தடுப்பு. ஒரு அபூர்வ நோயைத் தடுக்க முடியும் என்று சொல்ல வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை, இங்கே கிடைக்கிறது. பிரான்ஸில் 1970-களின் நடுவில் இந்த நோயாளிகளில் ஏறத்தாழ 38 சதவீதத்தினருக்கு ஹெப்படைட்டிஸ் பி காரணமாக இருந்தது. ரத்ததானப் பரிசோதனையும் தடுப்பூசியும் பரவிய பிறகு, 1997 முதல் 2002 வரையான காலத்தில் அது 17 சதவீதமாகக் குறைந்தது. வைரஸைத் தடுத்தபோது தமனியும் காப்பாற்றப்பட்டது. அந்த வைரஸுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு தற்செயலானது என்று வாதிடுபவர்களுக்கு இதைவிட வலுவான பதில் என்னிடம் இல்லை. இந்தியாவில் இந்தத் தடுப்பூசி 2002-03-ல் சில இடங்களில் தொடங்கி 2011-ல் நாடு முழுவதற்கும் வந்தது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தவணை. ஆனால் அதற்கு முன் பிறந்த கோடிக்கணக்கானவர்கள், இந்த நோய் அதிகம் வரும் நாற்பது முதல் அறுபது வயது வரையானவர்கள் உட்பட, ஊசி போடாமலேயே நம்மிடையே இருக்கிறார்கள். கல்லீரல் தமனி வெடித்துப் பிழைத்த ஒருவர் வீடு திரும்பும்போது அவர் கையில் தரும் சுருக்க அறிக்கையில் எந்தக் கிளையை அடைத்தோம், எந்தப் புடைப்புகள் மிச்சம், அடுத்த ஆஞ்சியோகிராம் எப்போது என்று எழுதுவதோடு இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: எச்.பி.எஸ்.ஏஜி. உண்டு என்றால் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் பரிசோதனை. தொற்று இல்லாதவர்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி, தேதியோடு.